“இதே மாதிரி போட்டுக் கொடுங்க”: தாராவி தோல் பை கார்கானாக்களுக்கு ஒரு டிசைன் உரிமை வழிகாட்டி

பை தைக்கும் பட்டறைக்கு, அதாவது கார்கானாவுக்கு, ஆர்டர் கொடுக்கும் பார்ட்டி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புவார். இல்லையென்றால் துபாயிலிருந்து வாங்கி வந்த பையையே கொண்டுவந்து மேஜையில் வைப்பார். “அண்ணே, இதே மாதிரி 300 பீஸ். கம்பெனி பேர் மட்டும் போட வேண்டாம்.” பெயரும் லோகோவும் இல்லாவிட்டால் வம்பு இல்லை என்றுதான் தாராவியின் 90 அடி சாலையில் பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் லோகோவுக்கு ஒரு சட்டம், பையின் தோற்றத்துக்கு வேறொரு சட்டம். இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது.

சட்டத்தின் பெயர் டிசைன்கள் சட்டம், 2000. ஒரு பொருளின் வடிவம், அமைப்பு, மேற்பரப்பு வேலைப்பாடு, கோடுகளோ நிறங்களோ சேர்ந்திருக்கும் விதம் ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் இது காக்கிறது. பை எப்படி வேலை செய்கிறது என்பது இதில் வராது. லேப்டாப்புக்குத் தனி அறை வைப்பது, டிராலி கைப்பிடியில் மாட்டப் பின்பக்கம் பட்டை தைப்பது போன்ற யோசனைகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டையை ஒருவர் அலை அலையாக வெட்டித் தனித் தோற்றம் கொடுத்துப் பதிவு செய்திருந்தால், அந்தத் தோற்றம் அவருடையது. பதிவு 10 ஆண்டு நிற்கும். கட்டணம் கட்டினால் இன்னும் 5 ஆண்டு நீளும். 15 ஆண்டுக்கு மேல் கிடையாது.

உரிமை மீறலைச் சொல்வது 22ஆம் பிரிவு. கார்கானாக்காரர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் அதில் இருக்கிறது. பதிவான டிசைனையோ, பார்த்தவுடன் நகல் என்று தெரியும் ஒன்றையோ விற்பனைக்காகப் பொருளில் போடுவது தவறு. விற்பனைக்காக இறக்குமதி செய்வதும் தவறு. விற்பனைக்கு வைப்பவர் விஷயத்தில் மட்டும், அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அதாவது மஸ்ஜித் பந்தரில் கடை போட்டிருப்பவர் “எனக்குத் தெரியாதுங்க” என்று சொல்லிப் பார்க்கலாம். தைத்துக் கொடுத்தவருக்கு அந்த வாசல் இல்லை. பார்ட்டி சொல்லித்தான் செய்தேன் என்பது காரணம் ஆகாது.

தண்டத்தொகை மீறல் ஒன்றுக்கு 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். உரிமையாளர் இந்தத் தொகையை விட்டுவிட்டு, நஷ்டஈடும் தடை உத்தரவும் கேட்டு வழக்குப் போடலாம். பெரும்பாலும் அப்படித்தான் போடுகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் 300 பீஸும் மூட்டையோடு முத்திரை வைக்கப்பட்டால் என்ன இழப்பு என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்கட்டும். டிசைன் மீறல் சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் ரெய்டு வராது. ஆனால் பையில் மோனோகிராம் பிரிண்டோ, ஒரு பிராண்டுக்கென்று பதிவான கட்டக்கோட்டு வடிவமோ, லோகோ பொறித்த ஜிப் ரன்னரோ இருந்தால் அது டிரேட்மார்க் சட்டம், 1999. அதில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘ஃபர்ஸ்ட் காப்பி’, அதாவது பிராண்டின் பெயரோடு அப்படியே நகலெடுக்கும் வேலை பக்கமே போகாதீர்கள். அதை எப்படிப் பாதுகாப்பாகச் செய்யலாம் என்று சொல்லித்தர இங்கே எதுவும் இல்லை.

டை வெட்டும் முன் தேடுங்கள்

சாம்பிள் தைத்து, தோலை வெட்டும் கட்டிங் டைக்கும் வடிவம் பதிக்கும் எம்பாசிங் டைக்கும் பணம் கொடுத்த பிறகு தேட உட்கார்ந்தால், கண் தானாகவே ‘வேற மாதிரிதான் இருக்கு’ என்று சொல்ல ஆரம்பித்துவிடும். போட்டோ வந்த அன்றே தேடுங்கள்.

முதலில் கையில் இருக்கும் பை. உள் லேபிள், லைனிங் ஓரம், அடிப்பகுதி, விலைச்சீட்டு எல்லாவற்றையும் பாருங்கள். ‘ரெஜிஸ்டர்டு’ என்றோ, சுருக்கமாக ‘ஆர்டி’ என்றோ ஆங்கிலத்தில் போட்டு ஓர் எண் இருந்தால் அது பதிவான டிசைன். எண் இல்லாவிட்டால் பதிவே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. குறி போடாத உரிமையாளருக்குப் பணம் கேட்பது கடினமாகும், அவ்வளவுதான். தடை உத்தரவு கேட்க அவருக்கு வழி திறந்தே இருக்கிறது.

அடுத்து, படத்தைக் கொடுத்துத் தேடும் கூகுள் லென்ஸ். யார் விற்கிறார்கள், எந்தக் கம்பெனியின் மாடல், எப்போதிலிருந்து சந்தையில் இருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதியை விடாதீர்கள், பின்னால் அது உங்களைக் காப்பாற்றலாம்.

பிறகு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் ‘ஐபி இந்தியா’ தளத்தில் இருக்கும் டிசைன் தேடல். இலவசம்தான். வகுப்பு எண் தெரிந்தால் வேலை பாதி குறையும். பொருள்கள் லொகார்னோ என்ற சர்வதேச வகைப்பாட்டின்படி பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஹேண்ட்பேக், பர்ஸ், பிரீஃப்கேஸ், சூட்கேஸ் எல்லாம் 03-01. செருப்பு, ஷூ 02-04. பெல்ட்டும் உடுப்புக்கான பக்கிளும் 02-07. பூட்டு, மூடி வகைகள் 08-07. துணி 05-05. மேற்பரப்பு வேலைப்பாட்டை மட்டும் 32ஆம் வகுப்பில் பதிவு செய்பவர்களும் உண்டு.

பொருளின் பெயரைப் போட்டுத் தேடும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘ஹேண்ட்பேக்’ என்று ஒரே சொல்லாக ஒருவர் விண்ணப்பித்திருப்பார், இடைவெளி விட்டு இன்னொருவர், ‘லேடீஸ் பேக்’ என்று மூன்றாமவர். ‘பர்ஸ்’, ‘கிளட்ச்’, ‘ஸ்லிங் பேக்’, வெறும் ‘பேக்’ எல்லாவற்றையும் தனித்தனியாக ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். கூகுள் லென்ஸில் கிடைத்த கம்பெனியின் பெயரை உரிமையாளர் பெயராகவும் தேடுங்கள். பிராண்டின் பெயரும் உரிமையாளரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. விலைச்சீட்டின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் பெயரையும் போட்டுப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் டிசைனின் படத்தோடு படிவம் 7 கொடுத்து, இது பதிவில் இருக்கிறதா என்று அலுவலகத்தையே கேட்கலாம். எண் தெரிந்து, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்க படிவம் 6. டிசைன் பிரிவு இருப்பது கொல்கத்தாவில். ஆனால் சயான் தாண்டி ஆன்டாப் ஹில்லில் இருக்கும் மும்பை காப்புரிமை அலுவலகத்திலும் டிசைன் விண்ணப்பங்களை வாங்கிக்கொள்கிறார்கள்.

தேடலுக்கு ஓர் ஓட்டை உண்டு. விண்ணப்பம் பதிவாகி, வெள்ளிக்கிழமைதோறும் வரும் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும் வரை, படம் யார் கண்ணிலும் படாது. பதிவானதும் உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கு. போதாததற்கு, வெளிநாட்டில் முதலில் விண்ணப்பித்தவர் 6 மாதத்துக்குள் இங்கே விண்ணப்பித்தால் அந்த வெளிநாட்டுத் தேதியே இங்கும் செல்லும். ஆகவே சந்தைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத புது மாடல் என்றால், தேடலில் எதுவும் வராவிட்டாலும் பதிவானது என்றே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

வெளிநாட்டுப் பதிவு மட்டும் இருந்தால் அது இந்தியாவில் செல்லாது. ஆனால் சரக்கு துபாய்க்கோ ஐரோப்பாவுக்கோ போகிறது என்றால் அந்த நாட்டுப் பதிவையும் பார்க்க வேண்டும். உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் இலவச டிசைன் தரவுத்தளத்தில் தொடங்குங்கள்.

பதிவு காலாவதி என்று காட்டினால் உடனே டை வெட்ட ஓட வேண்டாம். 10 ஆண்டோடு நின்றுபோன பதிவை, நின்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் உரிமையாளர் மீட்டுக்கொள்ளலாம். இடைப்பட்ட காலத்தில் நடந்ததற்கு வழக்குப் போட முடியாது. மீட்ட பிறகு நீங்கள் தொடர முடியாது. 15 ஆண்டும் முடிந்தது என்றால் டிசைன் உரிமை தீர்ந்தது. ஆனால் வடிவத்தை டிரேட்மார்க்காகவும் பதிவு செய்ய முடியும். அதை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பெயர்பெற்ற பைகளுக்கு அதையும் தனியாகத் தேடுங்கள்.

ஒப்பிடுவது: கண்ணை நம்புங்கள், அடிஸ்கேலை அல்ல

“மூணு மாத்தம் பண்ணா போதும்”, “முப்பது பர்சென்ட் மாத்தினா கேஸ் நிக்காது” என்று எல்லாப் பேட்டர்ன் மாஸ்டரும் ஓர் எண் வைத்திருப்பார். சட்டத்தில் அப்படி எந்த எண்ணும் இல்லை. நீதிமன்றம் கேட்பது வாங்குபவரின் கண்ணுக்கு முழுத்தோற்றம் எப்படிப் படுகிறது என்பதைத்தான்.

பதிவுச் சான்றிதழில் முன், பின், பக்கவாட்டு, மேல், அடிப் பார்வைப் படங்கள் இருக்கும். கூடவே ‘புதுமை இதில் இருக்கிறது’ என்று ஒரு வாக்கியம் வரும். முதலில் அதைப் படியுங்கள். வடிவத்தைச் சொல்கிறதா, மேற்பரப்பு வேலைப்பாட்டைச் சொல்கிறதா, இரண்டையுமா? வடிவம் மட்டும் என்றால் நிறத்தை மாற்றி எந்தப் பயனும் இல்லை. நிறச் சேர்க்கைதான் புதுமை என்று இருந்தால் நிறத்துக்கு எடை உண்டு.

ஓர் உதாரணம். பதிவில் இருப்பது 26 செ.மீ. அகல ஸ்லிங் பை. பையை மூடும் மடலான ஃபிளாப்பின் கீழ் ஓரம் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குகிறது. தோள்பட்டை வார் பக்கவாட்டு வளையத்தில் மாட்டாமல், ஃபிளாப்பில் வெட்டிய பிளவு வழியாக உள்ளே போகிறது. சரிந்த ஓரத்தை ஒட்டி மூன்று இணைகோட்டுத் தையல்.

கார்கானா செய்யும் வழக்கமான ‘மாற்றம்’ இப்படி இருக்கும்: பிரவுனுக்குப் பதில் கறுப்பு. பித்தளை பக்கிளுக்குப் பதில் நிக்கல். லைனிங் சாட்டின். அகலம் 28. ஜிப் ஒன்று கூடுதல். பட்டியலில் ஐந்து மாற்றம். முழுத்தோற்றத்தை ஒன்றுகூட மாற்றாது. சரிந்த ஃபிளாப்பும் பிளவு வழி வாரும் மூன்று தையலும் அப்படியே நிற்கின்றன. இது அப்பட்டமான நகல்.

அதே பையில் ஃபிளாப்பின் ஓரத்தை நேராக்கி, வாரை இருபக்க டி-வளையத்துக்குக் கொண்டுவந்து, தையலை ஒற்றைக் கோடாக்கிப் பாருங்கள். மிஞ்சுவது ஒரு சாதாரண நீள்சதுர ஸ்லிங். அதுபோல ஆயிரம் சந்தையில் இருக்கிறது, யாருக்கும் சொந்தமில்லை. ‘அப்படியானால் பார்ட்டி கேட்ட அழகே போய்விட்டதே’ என்று தோன்றும். ஆம், அந்த அழகுதான் பதிவானது. அதற்குப் பதிலாக உங்கள் மாஸ்டரின் கையிலிருந்து வேறோர் அழகு வர வேண்டும்.

சோதிக்க ஒரு சுலப வழி: பதிவுப் படம் எந்தக் கோணமோ அதே கோணத்தில் உங்கள் சாம்பிளை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று மொபைலில் எடுங்கள். மிக அருகில் எடுத்தால் லென்ஸ் வடிவத்தைக் கோணலாக்கிவிடும். இரண்டையும் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கார்கானாவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஒன்றைக் காட்டி எடுத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மற்றதைக் காட்டுங்கள். “இப்பதானே காட்டினீங்க” என்றால் திரும்பப் பேட்டர்ன் மேஜைக்குப் போங்கள். இது நீதிமன்றச் சோதனை அல்ல. ஆனால் உங்கள் கண்ணைவிட நேர்மையானது.

உதிரிப் பாகங்களை மறக்காதீர்கள். தனியாகச் செய்து விற்கக்கூடிய பாகத்துக்குத் தனிப் பதிவு வாங்க முடியும். பை உங்கள் டிசைனாகவே இருந்தாலும் அதில் போட்ட பூட்டு வேறொருவருடையதாக இருக்கலாம். அப்துல் ரஹ்மான் தெருவில் வாங்கினாலும் பில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். சீனாவிலிருந்து நேரடியாக இறக்குபவர்களுக்கு ஒரு சொல்: 2007ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்து இறக்குமதி விதிகளின்படி டிசைன் உரிமையாளர் கஸ்டம்ஸில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிந்த டிசைனை நகலெடுத்த சரக்கை நவா சேவா துறைமுகத்திலேயே நிறுத்துவார்கள்.

பார்ட்டியோடு எழுத்து

ஆர்டர் வாட்ஸ்அப்பிலேயே முடிவதுதான் இங்கே வழக்கம். அதை மாற்ற முடியாவிட்டாலும், இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: டிசைன் தங்களுடையது அல்லது அதைப் பயன்படுத்தத் தங்களுக்கு அனுமதி உண்டு, மூன்றாம் நபர் உரிமை கோரினால் ஏற்படும் செலவும் நஷ்டஈடும் தங்கள் பொறுப்பு. பார்ட்டியின் கையெழுத்தும் முத்திரையும், போட்டோவின் மேலேயே கையெழுத்தும் இருந்தால் இன்னும் நல்லது. இந்தக் காகிதம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் தெளிவாக இருங்கள். பின்னால் பார்ட்டியிடம் பணம் கேட்க உதவும். உரிமையாளர் கொண்டுவரும் தடை உத்தரவை நிறுத்தாது. எழுதித் தரத் தயங்கும் பார்ட்டியின் தயக்கமே உங்களுக்குப் பதில்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பார்ட்டி காசு கொடுத்து உங்கள் மாஸ்டரை வரையவைத்த டிசைனுக்குச் சட்டப்படி உரிமையாளர் பார்ட்டிதான், வரைந்தவர் அல்ல. அவர் அதைப் பதிவு செய்துவிட்டால், அதே அட்டை பேட்டர்னை எடுத்து அடுத்த கடைக்கு 100 பீஸ் போடுவது மீறல். “நாங்கதானே வரைஞ்சோம்” என்று எவ்வளவு வருத்தப்பட்டாலும் நிலைமை அதுதான். மிச்சச் சரக்கும் இப்படியே. 500 பீஸ் எக்ஸ்போர்ட் ஆர்டருக்கு 530 தைத்து, மீந்த 30ஐ லேபிளைப் பிய்த்து ‘சர்ப்ளஸ்’ என்று விற்பது ஊர் வழக்கம். லேபிளைப் பிய்த்தால் டிரேட்மார்க் தொல்லை குறையலாம், டிசைன் அப்படியே பையில் இருக்கிறது. மீந்ததை என்ன செய்வது என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் சொந்த டிசைன் என்றால், படம் இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் கேட்டலாக்கிலோ ஏறும் முன் பதிவு விண்ணப்பமான படிவம் 1 போட்டுவிடுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் கட்டணம் 1,000 ரூபாய். வெளியே காட்டிய பிறகு பதிவு செய்தால் அந்தப் பதிவு செல்லாது. நாமே காட்டியிருந்தாலும் செல்லாது. ஆனால் பதிவு வாங்கிவிட்டால் யாரும் நம்மைத் தொட முடியாது என்றும் எண்ண வேண்டாம். பதிவு வைத்திருக்கும் எதிர்த்தரப்பின் மீதும் வழக்குப் போடலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2013இல் சொன்னது. வாஷிங் மெஷின் டிசைன் பற்றிய வேர்ல்பூல் – வீடியோகான் வழக்கில் 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் அதே பக்கம்தான் நின்றது.

நோட்டீஸ் வந்தால்

முதலில் உற்பத்தியை நிறுத்துங்கள். சரக்கை இரவோடு இரவாக வேறு கலாவுக்கு (பட்டறை அறைக்கு) மாற்றாதீர்கள். பின்னால் நீதிமன்றத்தில் அதுதான் உங்களுக்கு எதிரான முதல் பக்கமாக இருக்கும். எத்தனை தைத்தீர்கள், எத்தனை போயிற்று, யாருக்கு என்பதை எழுதிவையுங்கள்.

நோட்டீஸில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லாமல் ‘எங்கள் டிசைன்’ என்று மட்டும் மிரட்டினால், எண்ணும் சான்றிதழும் கேட்டுப் பதில் எழுத வக்கீலிடம் சொல்லுங்கள். எண் இருந்தால் பதிவு உயிரோடு இருக்கிறதா, எந்த வகுப்பு, படம் என்ன என்று மேலே சொன்ன வழியில் பாருங்கள். செருப்புக்கு வாங்கிய பதிவை வைத்துப் பைக்கு மீறல் சொல்ல முடியாது. பதிவான வகுப்புக்குள்தான் உரிமை.

பிறகு விண்ணப்பத் தேதி. அதற்கு முன்பே அந்த டிசைன் உலகில் எங்காவது வெளியாகியிருந்தால் பதிவை ரத்து செய்யக் கேட்கலாம். அதையே வழக்கில் எதிர்வாதமாகவும் வைக்கலாம். குரோக்ஸ் செருப்பு வழக்கில் 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்ததற்கு முக்கியக் காரணம், பதிவுக்கு முன்பே டிசைன் இணையத்தில் வெளியாகியிருந்ததுதான். முதலில் கூகுள் லென்ஸில் குறித்துவைத்த தேதிகள் இப்போது கைகொடுக்கும். பழைய கேட்டலாக், கண்காட்சி பிரசுரம், தேதியோடு கூடிய இணையப் பக்கம் எல்லாம் சான்று. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023இன் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றிதழும் சேர்க்க வேண்டும். வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும்போது இந்த வாதத்தை எடுத்தால் அது உயர் நீதிமன்றத்துக்கு மாறும். வக்கீல் கட்டணமும் கூடவே மாறும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

நோட்டீஸ் வந்த வாரத்திலேயே நீதிமன்றத்தில் கேவியட் என்ற முன்னெச்சரிக்கை மனுவைப் போட்டுவிட வக்கீலிடம் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் ஒருதலையாக உத்தரவு வாங்குவதை அது தடுக்கும். 90 நாள் செல்லும், பிறகு புதிதாகப் போட வேண்டும். போடாவிட்டால், சரக்கைக் கைப்பற்ற நீதிமன்றம் அனுப்பும் கோர்ட் ரிசீவர் கையில் உத்தரவோடு வாசலில் நிற்கும்போதுதான் வழக்கு இருப்பதே தெரியவரும்.

மீறல் உண்மைதான் என்று தெரிந்தால் சீக்கிரம் சமரசம் பேசுவது மலிவு. பேச வேண்டியவை: கையில் இருக்கும் சரக்கை விற்க எத்தனை நாள், அல்லது பீஸுக்கு என்ன தொகை; டையை யார் முன்னிலையில் உடைப்பது; போன சரக்குக்கு என்ன கணக்கு. உறுதிமொழிப் பத்திரத்தை அவர்கள் வக்கீல்தான் எழுதி அனுப்புவார். அதில் ‘இதுபோன்ற எந்தப் பையும் இனித் தயாரிக்க மாட்டோம்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவு எண்ணைப் போட்டு, சான்றிதழ்ப் படத்தை இணைத்து, ‘இந்தப் படத்தில் உள்ள டிசைன், பதிவு நடப்பில் இருக்கும் வரை’ என்று திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் நீங்கள் போடும் சாதாரண நீள்சதுர ஸ்லிங் பைக்கும் அதே பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.